காலை நீட்டி ஓட்டுகிறவர்களுக்கு: க்ரூஸர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்ப்ளெண்டர், பல்சர், டியூக் என்று ஓட்டிவிட்டு மீட்டியார், அவெஞ்சர் போன்ற க்ரூஸர் (தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்து காலை முன்னால் நீட்டி ஓட்டும் வண்டி) பக்கம் வந்தவர்களுடையவை. வண்டியின் மாடலையும் உங்கள் உயரத்தையும் எழுதுங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் பாதிப் பேர் எழுதுவதில்லை. எழுதியவர்களுக்கு முதலில்.

பத்து வருடம் ஸ்ப்ளெண்டர் ஓட்டினேன். இப்போது மீட்டியார் 350. மூன்றில் போகும்போது அடுத்த கியருக்கு மிதித்தால் வண்டி குலுங்கி, பின்சக்கரம் இழுக்கிறது. கியர்பாக்ஸ் கோளாறா? (திண்டுக்கல்)

கோளாறு கியர்பாக்ஸில் இல்லை, உங்கள் இடது காலில் இருக்கிறது. ஸ்ப்ளெண்டரில் நான்கு கியரும் முன்பக்கம் மிதித்தே ஏறும், குதிகாலால் மிதித்தால் இறங்கும். மீட்டியாரில் முதல் கியருக்கும், கியரை இறக்குவதற்கும் மட்டும்தான் முன்னால் மிதி. இரண்டிலிருந்து ஐந்து வரை குதிகாலால் மிதிக்க வேண்டும், அல்லது முன் லீவரைக் கால் விரலால் மேலே தூக்க வேண்டும். நீங்கள் நான்கு என்று நினைத்து முன்னால் மிதிக்கிறீர்கள், விழுவது இரண்டு. க்ளட்சை விட்டதும் எஞ்சின் பின்சக்கரத்தைப் பிடித்து இழுக்கிறது. நேர் சாலையில் குலுங்கலோடு போய்விடும். மழை ஈரத்தில், வண்டி சாய்ந்திருக்கும்போது நடந்தால் பின்சக்கரம் வழுக்கிக்கொண்டு போகும்.

காலியான மைதானத்தில் 30 கி.மீ. வேகத்தில் இரண்டு, மூன்று, இரண்டு என்று மாற்றி மாற்றி அரை மணி நேரம் பழகுங்கள். நாலைந்து மாலை போதும். ஏற்றுவதற்குக் குதிகாலா, விரலா என்று ஒன்றை முடிவு செய்து அதையே பிடித்துக்கொள்ளுங்கள். தப்பாக மிதித்துவிட்டால் க்ளட்சை விடவே விடாதீர்கள். பிடித்தபடியே ஒரு கியர் ஏற்றிவிட்டு மெதுவாக விடுங்கள்.

சிக்னலிலும் இதே தவறு வரும். நியூட்ரலுக்கு இறக்குவதாக நினைத்துக் குதிகாலால் மிதித்தால் கியர் ஏறிக்கொண்டே போகும். பச்சை விழுந்ததும் மூன்றில் கிளம்பப் பார்த்தால் வண்டி உதறும், க்ளட்ச் தீய்ந்த வாடை வரும். மீட்டரிலேயே கியர் எண் காட்டுகிறது, கிளம்பும் முன் அதை ஒரு பார்வை பாருங்கள். இந்த மாதம் முழுக்க வீட்டு ஸ்ப்ளெண்டரைத் தொடாமல் இருந்தால் பழக்கம் சீக்கிரம் மாறும்.

எனக்கு வயது 62. வலப்பக்கம் கியர் உள்ள பழைய புல்லட்டை முப்பது வருடம் ஓட்டியவன். மகன் சூப்பர் மீட்டியார் வாங்கிக் கொடுத்திருக்கிறான். ஓட்டலாமா? (காரைக்குடி)

தாராளமாக ஓட்டலாம் ஐயா. ஆனால் திண்டுக்கல்காரரைவிட உங்களுக்கு ஆபத்து அதிகம். உங்கள் இடது காலுக்குத் தெரிந்தது பிரேக், வலது காலுக்குத் தெரிந்தது கியர். இப்போது இரண்டும் இடம் மாறிவிட்டன. நிதானமாக ஓட்டும்போது நினைவிருக்கும். குறுக்கே நாய் வந்தால் கால் பழைய வேலையைத்தான் செய்யும். இரண்டு வண்டியிலும் மாறாத ஒன்று வலது கையில் இருக்கும் முன்பிரேக். அவசரம் என்றதும் முதலில் அந்தக் கை வேலை செய்யும்படி பழகுங்கள். பழைய டிரம் பிரேக்கை இழுத்த மாதிரி முழுக்கையால் இழுக்க வேண்டாம், டிஸ்க்குக்கு இரண்டு விரல் போதும். படிப்படியாக அழுத்த வேண்டும். ஆளில்லாத சாலையில் 30-லிருந்து நிறுத்துவதை மட்டும் ஒரு ஐம்பது தடவை செய்த பிறகு ஊருக்குள் எடுங்கள்.

அவெஞ்சர் ஓட்டுகிறேன். க்ரூஸருக்குப் பின்பிரேக்கே போதும் என்கிறார்களே? (வேலூர்)

போதாது. எடை பின்பக்கம் கூடுதலாக இருப்பதால் மற்ற வண்டிகளைவிடக் கால் பிரேக் கொஞ்சம் அதிகம் பிடிக்கும், அவ்வளவுதான். வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் முன்பிரேக். உங்கள் அவெஞ்சரில் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் முன்சக்கரத்துக்கு மட்டுமே, பின்னால் டிரம். ஓங்கி மிதித்தால் பூட்டிக்கொள்ளும்.

டியூக் 390-ல் கொல்லிமலை ஏறிய வேகத்தில் சூப்பர் மீட்டியார் 650-ல் ஏறினேன். இரண்டு பக்கமும் ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசுகிறது. உயரமாக மாற்றிக்கொள்ளலாமா? (நாமக்கல்)

மாற்ற வேண்டியது வேகத்தை. 241 கிலோ எடை, ஒன்றரை மீட்டர் வீல்பேஸ் (இரண்டு சக்கர மையங்களுக்கு நடுவிலான தூரம்), தரையிலிருந்து 135 மி.மீ. உயரம். இந்த வண்டி டியூக் சாயும் அளவு சாயாது. ஃபுட்ரெஸ்ட் உரசுவது எச்சரிக்கை. அது மடங்கிக் கொடுக்கும்படி செய்யப்பட்டது. அதற்கு மேலும் சாய்த்தால் அடுத்து உரசுவது மடங்காத இரும்பு. அது தரையில் ஊன்றினால் டயர் பிடி விட்டுப்போகும், கீழே போய்விடுவீர்கள். ஃபுட்ரெஸ்ட்டை உயர்த்தினால் அந்த எச்சரிக்கை மட்டும்தான் போகும்.

70 கொண்டை ஊசியிலும் ஒரே விதி: வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே முடியுங்கள். பிரேக், கியர் இறக்குவது எல்லாம் நேராக இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். உள்ளே நுழைந்த பின் ஆக்சிலரேட்டரை லேசாகப் பிடித்தபடி இருந்தால் போதும். ஏறும்போது நமக்கு இடப்பக்க வளைவுதான் தொல்லை. உள்பக்கம் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். சாலையில் உங்கள் பாதியின் வெளி ஓரத்திலிருந்து நுழையுங்கள், முதல் கியரிலேயே ஏறுங்கள், கண் வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும். நடுவில் க்ளட்சைப் பிடித்தால் 241 கிலோவும் உள்பக்கமாகச் சரியும், காலை ஊன்றித் தாங்க முடியாது. மேலிருந்து பஸ் வருகிறது என்று தெரிந்தால் வளைவுக்குக் கீழே, சமமான இடத்திலேயே நின்றுவிடுங்கள்.

இறங்கும்போது இரண்டாவது கியர். கால் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பிரேக் ஆயில் சூடாகிப் பெடல் இளகிப்போகும். பின்னால் ஆள் இருந்தால் ஷாக் அப்சார்பரை ஒன்றிரண்டு படி ஏற்றிவையுங்கள். இல்லாவிட்டால் உட்கார்ந்துபோய் இன்னும் சீக்கிரம் உரசும்.

ஈ.சி.ஆரில் நீண்ட தூரம் போகும்போது கிராஷ் கார்டு மேல் காலை நீட்டி வைத்துக்கொள்கிறேன், சுகமாக இருக்கிறது. அதற்கென்றே ஃபுட்ரெஸ்ட் விற்கிறார்கள். எந்த கம்பெனி நல்லது? (சென்னை)

எந்த கம்பெனியும் வேண்டாம். இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது, வீடியோக்களில் வேறு இதுதான் க்ரூஸர் ஓட்டும் அழகு என்று காட்டுகிறார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

90 கி.மீ. வேகத்தில் வண்டி விநாடிக்கு 25 மீட்டர் போகிறது. கிராஷ் கார்டு மேலிருந்து காலை இறக்கி, ஃபுட்ரெஸ்ட்டைத் தேடி, பிரேக் பெடலுக்குக் கொண்டுவர எப்படியும் அரை விநாடிக்கு மேல் ஆகும். 12 மீட்டருக்கு மேல் பின்பிரேக் இல்லாமல் போகிறீர்கள் என்று அர்த்தம், ஒரு பஸ்ஸின் நீளம். கால் நீட்டியிருக்கும்போது உடம்பு பின்னால் சாய்ந்திருக்கும். பதறிப்போய்க் கையால் முன்பிரேக்கை இழுத்தால் உடம்பு முன்னால் போய் ஹேண்டில்பாரில் மோதும். இடது காலும் மேலேதான் இருக்கிறது, கியரும் இறக்க முடியாது. ஈ.சி.ஆரில் குறுக்கே வரும் மாடும், ஓரத்து மணலும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குழி இன்னொரு விஷயம். கால் ஃபுட்ரெஸ்ட்டில் இருந்தால் பள்ளம் வரும்போது லேசாக ஊன்றி இடுப்பைத் தூக்கலாம். க்ரூஸரில் கால் முன்னால் இருப்பதால் அதுவே அரைகுறைதான். காலை மேலே வைத்தால் அதுவும் கிடையாது. முழு அடியும் நேராக முதுகெலும்புக்கு ஏறும், கூடவே வண்டியிலிருந்து தூக்கி எறியப்படவும் கூடும்.

கடையில் விற்பது என்ன? குழாயைச் சுற்றி ஒரு க்ளாம்ப், இரண்டு போல்ட், அதில் ஒரு மிதி. கிராஷ் கார்டு வண்டி சாயும்போது அடியைத் தாங்கச் செய்தது, 15 கிலோ காலை மணிக்கணக்கில் சுமக்க அல்ல. அதிர்வில் போல்ட் தளரும், மிதி சுற்றிக்கொள்ளும், கால் சட்டென்று தரைக்குப் போகும். வண்டி விழுந்தால் கார்டுக்கு உள்ளே பத்திரமாக இருக்க வேண்டிய கால் அதற்கு மேலே, வெளியே இருக்கும். பாதுகாப்புக்குக் காசு கொடுத்து வாங்கிய பொருளே முழங்காலை உடைக்கும்.

கால் மரத்துப்போகிறது என்றால் மணிக்கு ஒரு முறை நிறுத்தி, இறங்கி, ஐந்து நிமிடம் நடங்கள். வேறு வழி கிடையாது.

உயரம் 5 அடி 1 அங்குலம். ஸ்கூட்டர் மட்டுமே ஓட்டியிருக்கிறேன். மீட்டியார் 350 எனக்கு முடியுமா? (கோவை)

உயரம் எழுதியதற்கு நன்றி அம்மா. சீட் உயரம் 765 மி.மீ., ஸ்ப்ளெண்டரைவிடக் குறைவு. உங்கள் கால் எட்டும். எடைதான் யோசிக்க வேண்டியது. ஸ்கூட்டர் 100 கிலோ சொச்சம், இது 191. ஓடும்போது அது தெரியாது, தள்ளும்போது தெரியும். சரிவில் மூக்கு கீழே பார்க்க நிறுத்தினால் பின்னால் இழுத்து எடுக்க முடியாது. எப்போதும் பின்பக்கமாக உள்ளே விட்டு, வெளியே பார்த்து நிறுத்துங்கள். முதல் கியரில் போட்டுவிட்டு இறங்குங்கள்.

க்ளட்ச் உங்களுக்குப் புதிது. ஆக்சிலரேட்டர் இல்லாமல் க்ளட்சை மட்டும் விட்டு நடை வேகத்தில் ஊர்ந்து பழகுங்கள். அடுத்து லேசாக ஆக்சிலரேட்டர், பாதி க்ளட்ச், கூடவே கால் பிரேக்கை மெல்ல அழுத்தியபடி எட்டு போடுங்கள். யூ டர்ன் முழுவதும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். முன்சக்கரத்தைப் பார்க்காதீர்கள். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன்பிரேக்கைத் தொடாதீர்கள், வண்டி அப்படியே கவிழும்.

100 கி.மீ. தாண்டினால் கீழ்முதுகு வலி உயிர் போகிறது. ஜெல் சீட் போடலாமா? (மதுரை)

வண்டி எது என்று எழுதவில்லை. பொதுவாகச் சொல்கிறேன். பல்சரில் எடை கை, கால், சீட் என்று பிரியும். க்ரூஸரில் கால் முன்னால், முதுகு நேராக, ஆகவே கிட்டத்தட்ட முழுதும் இடுப்பில். ஜெல் சீட் பின்புறத்தின் எரிச்சலைக் குறைக்கும், கீழ்முதுகுக்கு ஒன்றும் செய்யாது. முதலில் ஹேண்டில்பாரைப் பாருங்கள். கை எட்டாமல் முதுகு வளைந்தால், க்ளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி உங்கள் பக்கமாக லேசாகச் சுற்றுங்கள். இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, கேபிள் இழுபடுகிறதா, கை டேங்கில் இடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, சர்வீஸ் சென்டரில் டார்க் ரெஞ்சால் (சரியான அளவுக்கு முறுக்கும் ரெஞ்ச்) முறுக்கச் சொல்லுங்கள். லீவர்களையும் மணிக்கட்டுக்கு நேராகத் திருப்ப மறக்க வேண்டாம். தனியாகப் போகிறவர் ஷாக் அப்சார்பரைக் கடைசிப் படியில் வைத்திருந்தால் இறக்குங்கள். டயரில் காற்று, வண்டி ஆறியிருக்கும்போது பார்த்தது சரியாக இருக்க வேண்டும். 40 அடித்துக்கொண்டு முதுகு வலி என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

90 தாண்டினால் ஹேண்டில் ஆடுகிறது. பின்னால் டாப் பாக்ஸ் இருக்கிறது. (ஓசூர்)

விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். பின் ஆக்சிலுக்கும் பின்னால் எடை தொங்கினால் முன்சக்கரம் லேசாகிவிடும். பாக்ஸைக் கழற்றிவிட்டு, ஆறிய டயரில் காற்று பார்த்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்படியும் ஆடினால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்திலுள்ள பேரிங். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஓரிடத்தில் சிக்கி நின்றால் கோன் செட் போயிற்று. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது 'டக்' என்றால் தளர்ந்திருக்கிறது. ஆட்டம் வரும்போது பிரேக் அடிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரைப் படிப்படியாகக் குறைத்து, உடம்பை முன்னால் சாய்த்து, கைப்பிடியைத் தளர்த்துங்கள். பாக்ஸில் இருந்ததைப் பக்கத்துப் பைகளில் இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்துப் போடலாம்.

அம்மா சேலை கட்டி ஒருபக்கமாகத்தான் உட்காருவார். அவெஞ்சரில் பிரச்சினை வருமா? (தஞ்சாவூர்)

வரும். எடை இடப்பக்கம் இழுக்கும், வண்டி தாழ்வானது, இடது வளைவில் சாய்த்தால் அவர் பாதம் தரைக்கு மிக அருகில் போகும். சேலை கார்டு கட்டாயம் இருக்கட்டும், முந்தானையை இழுத்துச் செருகச் சொல்லுங்கள். கோயில் வரை 40-க்குள் போகலாம். வேளாங்கண்ணி வரை என்றால் பஸ்ஸில் அனுப்புங்கள்.

பெஸ்ட் க்ரூஸர் எது ப்ரோ? (ஊர் இல்லை)

உயரம் இல்லை, பட்ஜெட் இல்லை, ஓட்டப்போவது ஊருக்குள்ளா ஹைவேயிலா என்றும் இல்லை. அடுத்த கடிதம்.

நிறுத்தும்போது வலப்பக்கம் சாய்ந்து விழுந்துவிட்டது. தனி ஆளாகத் தூக்குவது எப்படி? (திருநெல்வேலி)

முதலில் எஞ்சினை அணைக்கும் கில் ஸ்விட்ச், பிறகு சாவி. வலப்பக்கம் விழுந்தது நல்லதுதான். தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டை இறக்கி, முதல் கியரில் போட்டுவிடலாம், நிமிர்ந்து மறுபக்கம் போனாலும் ஸ்டாண்ட் தாங்கிவிடும். ஹேண்டிலைத் தரைப் பக்கமாக முழுக்கத் திருப்புங்கள். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட் விளிம்பில் இடுப்பை ஒட்டிக் குந்துங்கள். ஒரு கையில் கீழேயிருக்கும் ஹேண்டில் பிடி, மறு கையில் பின்பக்கக் கைப்பிடி அல்லது ஃபிரேம். சைலன்சரைத் தொட்டுவிடாதீர்கள். முதுகை வளைக்காமல், காலால் பின்னோக்கித் தள்ளியபடி சின்னச் சின்ன அடியாக நடந்தால் எழுந்துவிடும். இடப்பக்கம் விழுந்திருந்தால் மறுபக்கம் தாங்க ஸ்டாண்ட் கிடையாது. கடைசி ஒரு அடியில் வேகத்தைக் குறையுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பக்கமும் விழும். நிமிர்த்தியதும் கிளம்பிவிடாமல் பிரேக் லீவர், கால் பெடல் இரண்டும் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். பெட்ரோல் கசிந்திருந்தால் துடைத்துக் காயவிட்ட பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.