முதலில் கேளுங்கள், பிறகு ஜெபியுங்கள்

கேள்வி: எனக்கு வயது 26. ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் நர்சிங் ஸ்கூலில் படித்தேன். அங்கே காலை டியூட்டி தொடங்கும்போது வார்டிலேயே ஒரு பாட்டும் சின்ன ஜெபமும் இருக்கும். இப்போது கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை செய்கிறேன். போன மாதம் இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்காகக் காத்திருந்த ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்கு கண்ணு" என்றார். அந்தக் கையை விடாமலே வாய்விட்டு ஜெபித்தேன். அதைப் பார்த்த அவர் மகன் புகார் கொடுத்துவிட்டார். நர்சிங் சூப்பிரண்டென்ட் விளக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். சபையில் கேட்டால், "விசுவாசத்தை மறைப்பது ஆண்டவரை மறுதலிப்பது மாதிரி" என்கிறார்கள். கூட வேலை செய்கிறவர்கள், "சாமியை கேட்டிலேயே விட்டுட்டு வா" என்கிறார்கள். நான் யார் சொல்வதைக் கேட்பது? பாதிச் சம்பளம் என்றாலும் மிஷன் ஆஸ்பத்திரிக்கே திரும்பிவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் 23 வயது ஞாபகம் வந்தது. பிரசவ வார்டில் நைட் டியூட்டி. சிசேரியனுக்குப் போகவேண்டிய ஒரு பெண்ணைத் தயார் செய்துகொண்டிருந்தேன். வளையலைக் கழற்றிக் காகிதத்தில் பொதிந்து அவள் அம்மாவிடம் கொடுத்தாயிற்று. தாலியைக் கழற்ற மனம் வராமல் தவித்தாள். சரி என்று பஞ்சு சுற்றி பிளாஸ்டர் ஒட்டினேன். அவள் கண் கலங்கியது. உடனே நான் கண்ணை மூடி, சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்துவிட்டேன். முடித்ததும் அவளும் "ஆமென்" என்றாள். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஏழாம் நாள் தையல் பிரிக்கும்போது அவளே சொன்னாள்: "ஆமென் சொல்லலைன்னா என்னைச் சரியா கவனிக்க மாட்டீங்களோன்னு பயந்துட்டேன் சிஸ்டர்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், கோபமே இல்லை. ஏற்கெனவே பயந்துகொண்டிருந்தவளுக்கு நான் இன்னொரு பயத்தைக் கொடுத்திருக்கிறேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதை நினைத்தால் எனக்கு வலிக்கிறது.

கட்டிலில் படுத்திருக்கிறவருடைய நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ராத்திரியிலிருந்து வெறும் வயிறு. கையில் ட்ரிப்ஸ் ஏறுகிறது. உடம்பில் சொந்தத் துணிகூட இல்லை. ஊசி நம் கையில், மருந்து நம் கையில். அந்த நிலைமையில் நம்மிடம் "வேண்டாம்" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அந்தப் பாட்டிக்கு உங்கள் ஜெபம் பிடித்தே இருந்திருக்கலாம். ஆனால் நீங்கள் கேட்கவில்லை. நடந்ததில் தப்பு என்றால் அது ஒன்றுதான். அவருக்காக ஜெபித்தது தப்பே இல்லை.

சபையில் பேசுகிறவர்களோடு மாற்கு 10ஆம் அதிகாரத்தைத் திறந்து உட்காருங்கள். 45ஆம் வசனத்தில், மனுஷகுமாரன் ஊழியங்கொள்ள வரவில்லை, ஊழியஞ்செய்ய வந்தார் என்று இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் குறிக்கோள் வாசகம் இந்த வார்த்தையிலிருந்துதான் வந்தது. நம்மில் பலர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுகிறோம். ஆறு வசனம் தள்ளிப் போனால், கூப்பிட்டு அழுத பர்திமேயுவிடம் இயேசு, 'நான் உனக்கு என்ன செய்யவேண்டும்?' என்று கேட்கிறார். அவன் பார்வையில்லாதவன் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். கேட்காமலே தொட்டுக் குணமாக்கியிருக்கலாம். கேட்டுவிட்டுத்தான் குணமாக்கினார். நாம் மட்டும் ஏன் கேட்காமல் தொடங்குகிறோம்?

அந்த சி.எம்.சி.யைத் தொடங்கிய, அமெரிக்க மிஷனெரி குடும்பத்துப் பெண்ணான ஐடா ஸ்கடரின் கதையை நர்சிங் ஸ்கூலில் உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஐடாவின் அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றால், ஆண் வைத்தியர் கூடாது என்று மறுத்துவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த வழக்கத்தைத் திட்டிவிட்டு ஐடா அமெரிக்காவிலேயே இருந்திருக்கலாம். அவர் 1899இல் டாக்டர் பட்டம் வாங்கினார், அடுத்த வருஷமே திரும்பி வந்து வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியத்தைத் தொடங்கினார். 1909இல் நர்ஸ்களுக்கும் 1918இல் பெண் டாக்டர்களுக்கும் பயிற்சிப் பள்ளி திறந்தார். அந்தப் பெண்களால் எந்தக் கையை ஏற்றுக்கொள்ள முடியுமோ, அந்தக் கையாகத் தன்னை மாற்றிக்கொண்டார். எனக்குத் தெரிந்து விசுவாச அறிக்கை என்றால் இதுதான். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிரீன் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்ததையும், அதற்காகப் பாடநூல்களை மொழிபெயர்த்ததையும் நான் இதே கணக்கில்தான் வைப்பேன்.

அடுத்த முறை யாராவது "பயமா இருக்கு" என்றால், முதலில் உட்காருங்கள். நின்றுகொண்டு கேட்காதீர்கள். "உங்களுக்கு எது தைரியம் கொடுக்கும் பாட்டி?" என்று கேளுங்கள். பேரனோடு ஒரு நிமிஷம் போனில் பேசவேண்டும் என்பார் ஒருவர். மருதமலை விபூதி பொட்டலம் தலையணைக்கடியில் இருக்கட்டும் என்பார் இன்னொருவர். இருக்கட்டுமே! ஒன்றும் வேண்டாம், கையை மட்டும் பிடித்துக்கொள் என்பவரும் உண்டு. "நீ கும்பிடுற சாமிகிட்டயும் சொல்லு கண்ணு" என்று அவராகவே கேட்டால், இரண்டே வரியில், அவர் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். அப்புறம் மயக்க டாக்டரிடம் இந்தப் பாட்டி ரொம்பப் பயந்திருக்கிறார் என்று மறக்காமல் சொல்லிவிடுங்கள். பயத்தில் பி.பி.யும் நாடித்துடிப்பும் ஏறும் என்பது உங்களுக்குத் தெரியும்.

மனசுக்குள் ஜெபிக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. சோப்புப் போட்டு முறையாகக் கை கழுவ 40 முதல் 60 விநாடி ஆகும். ஒவ்வொரு நோயாளியின் பெயரையும் சொல்ல அது தாராளமாகப் போதும். நான் அப்படித்தான் செய்தேன். அவசரத்தில் கை கழுவாமல் ஓடும் பழக்கமும் அதிலேயே போயிற்று.

அதனால் "சாமியை கேட்டிலேயே விட்டுட்டு வா" என்பதும் சரியில்லை. நைட் டியூட்டியில் மூன்றாவது தடவையாகப் படுக்கையை நனைத்தவரிடம் முகம் சுளிக்காமல் விரிப்பை மாற்றுகிறோமே, அந்தப் பொறுமை எனக்கு என் விசுவாசத்திலிருந்துதான் வந்தது. கடைசி மூச்சில் இருந்த ஒரு முஸ்லிம் பெரியவரை மேற்குப் பார்த்துத் திருப்ப முடியுமா என்று அவர் மகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். ஆக்ஸிஜன் குழாயை நீட்டிவிட்டு, இரண்டு பேராகக் கட்டிலையே திருப்பினோம். மகள் காதருகே குனிந்து கலிமா சொன்னாள். திரையை இழுத்துவிட்டு நான் வெளியே நின்றேன். அந்த இடத்தில் நான் செய்யவேண்டிய ஊழியம் அதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

வேலை மாறுவது பற்றி: மிஷன் ஆஸ்பத்திரியில் ஆள் தேவைதான். அங்கே போக ஆசை இருந்தால் போங்கள். ஆனால் இந்தப் புகாரின் வருத்தத்தில் போகாதீர்கள். அங்கேயும் நோயாளியிடம் கேட்டுவிட்டுத்தான் ஜெபிக்கவேண்டும். வீட்டில் கடன் இருந்தால் அதையும் கணக்குப் போடுங்கள். கோவையில் படுத்திருப்பவரும் வியாதிக்காரர்தான்.

விளக்கக் கடிதத்தில் சட்டம் பேச வேண்டாம். பாட்டி பயந்தார், நான் கையைப் பிடித்தேன், ஜெபித்தேன், அதற்கு முன் அவரிடம் கேட்டிருக்க வேண்டும், இனி கேட்பேன் என்று நாலு வரி போதும். நடந்தது அவ்வளவுதானே.

ஆபரேஷனுக்குப் பிறகு பாட்டி எப்படி இருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. இன்னும் வார்டில்தான் இருக்கிறார் என்றால் சூப்பிரண்டென்டிடம் சொல்லிவிட்டு ஒரு நடை போய்ப் பாருங்கள். வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்துவிட்டாரா என்று கேளுங்கள். அவர் மகனும் அன்று தியேட்டர் வாசலில் பயந்துபோய்த்தான் நின்றிருப்பார். அவரிடமும், "சாப்பிட்டீங்களாண்ணா?" என்று கேளுங்கள்.