கேஸ் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தால், மூட்டுவலி மாத்திரையை அம்மாவுக்குத் தினமும் கொடுக்கலாமா?

மருத்துவர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம் என்பதே என் பதில். நான் மருத்துவன் அல்லன். கும்பகோணத்தில் பத்திரம் எழுதிப் பிழைப்பவன். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் இந்தக் கேள்வியை எவரிடமும் கேட்காமலேயே "கொடுக்கலாம்" என்று முடிவு செய்து, ஏழு மாதம் என் தாயாருக்குக் கொடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்களும் என்னைப் போலவே பழைய அட்டையைக் கடையில் நீட்டி, "போன தடவை கொடுத்ததையே கொடுங்கள்" என்று வாங்குகிறவராகத்தான் இருப்பீர்கள் என ஊகிக்கிறேன், தவறானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு வயது 69, முழங்கால் தேய்மானம். அசெக்ளோஃபெனாக் 100 மில்லிகிராமும் பாராசிட்டமால் 325 மில்லிகிராமும் கலந்த மாத்திரையைக் காலை ஒன்று, இரவு ஒன்று என ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார்கள். வெறும் வயிற்றில் போட பான்டோபிரசோல் என்ற கேஸ் மாத்திரை. ஐந்தாம் நாள் அம்மா தாமாகவே எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டார். அதைப் பார்த்த பிறகு, சீட்டில் எழுதியிருந்த 'ஐந்து நாள்' என் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. வயிற்றெரிச்சல் வராததால், எல்லாவற்றையும் கேஸ் மாத்திரை பார்த்துக்கொள்கிறது என்று நம்பினேன்.

நான்காம் மாதம் இரத்த அழுத்தம் ஏறியது. உப்பைக் குறைக்கவில்லை என்று அம்மாவைத்தான் கடிந்துகொண்டேன். அழுத்தத்துக்குப் பார்க்கும் மருத்துவர் டெல்மிசார்டான் என்ற பிரஷர் மருந்துடன், சிறுநீரை அதிகம் போக்கும் நீர் மாத்திரையும் சேர்ந்த ஒன்றுக்கு மாற்றினார். வலி மாத்திரை ஓடிக்கொண்டிருப்பதை நாங்கள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. காலில் மெட்டி இறுகியதை வயதின் கணக்கில் எழுதிவிட்டோம். மே மாத வெயிலில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தன. மூன்றாம் நாள் சிறுநீர் ஏறக்குறைய நின்றுபோயிற்று. சிறுநீரகம் சரியாக வடிகட்டாதபோது இரத்தத்தில் ஏறும் கழிவான கிரியாட்டினின் 2.9 என்று வந்தது. முந்தைய ஆண்டுச் சீட்டில் அது 0.9.

மருத்துவமனையில் "என்னென்ன மாத்திரை?" என்று கேட்டபோது, அம்மா மருந்து போட்டு வைக்கும் பழைய வெற்றிலைச் செல்லத்தை மேசைமேல் கவிழ்த்தேன். கத்தரித்த துண்டுகள் விழுந்தன. ஒன்றில் பெயரின் பின்பாதி, மற்றொன்றில் விலை மட்டும். காலாவதித் தேதி எதிலும் இல்லை. பத்து மாத்திரை அட்டையில் நான்கை வெட்டித் தருவது இல்லாதவர்களுக்கு உதவி என்பார்கள், ஒப்புக்கொள்கிறேன். பெயரும் தேதியும் உள்ள பக்கத்தைக் கடையிலேயே வைத்துக்கொள்வது யாருக்கு உதவி? அதற்காக என் குற்றம் குறைந்துவிடாது. முழு அட்டையாகவும் பலமுறை வாங்கியிருக்கிறேன். மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாது என்ற எச்சரிக்கை அதில் இருந்தது. வில்லங்கம் பார்க்காமல் அரைக்கால் சென்ட் மனைக்கும் பத்திரம் எழுதாத நான், ஓர் அட்டையின் பின்புறத்தை ஏழு மாதம் திருப்பிப் பார்க்கவில்லை.

அங்கிருந்த சிறுநீரக மருத்துவர் விளக்கியதை எங்கள் ஊர்ப் பாஷையில் சொல்கிறேன். சிறுநீரகத்துக்குள் இரத்தம் வரும் குழாயைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். வலியைத் தூண்டுவதும் அதே வகைப் பொருள்தான். வலி மாத்திரை அதன் உற்பத்தியை அடக்கும்போது வலி குறைகிறது, கூடவே உள்ளே வரும் மதகும் இறங்கிவிடுகிறது. டெல்மிசார்டான் வெளியே போகும் மதகைத் தளர்த்துகிறது. நீர் மாத்திரையும் வயிற்றுப்போக்கும் வாய்க்காலில் வரும் தண்ணீரையே குறைக்கின்றன. பிறகு வடிகட்ட அழுத்தம் எங்கிருந்து வரும்? பான்டோபிரசோல் வயிற்றில் சுரக்கும் அமிலத்தைக் குறைக்கும் மருந்து; அது வயிற்றுப் புண்ணைத் தடுக்கலாம், சிறுநீரகத்துக்கு அதனால் ஒரு காவலும் இல்லை. வயிறு எரிந்தாவது காட்டிக்கொடுக்கும், சிறுநீரகம் வாய் திறக்காது.

இன்னொரு கணக்கும் அன்று வெளிவந்தது. காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் பாராசிட்டமால் மூன்று வேளை, சளி மாத்திரைக்குள் 500 வீதம் இரண்டு வேளை, வலி மாத்திரைக்குள் 325 வீதம் இரண்டு: ஒரே நாளில் 3600 மில்லிகிராம். நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கே 24 மணி நேரத்துக்கு 4000தான் உச்சவரம்பு; 46 கிலோ எடையுள்ள மூதாட்டிக்கு அதைவிடக் குறைவாகவே கொடுக்க வேண்டும். பாராசிட்டமால் மிகுந்தால் கெடுவது கல்லீரல்; அது தப்பித்தது எங்கள் புண்ணியம்.

"என் பாட்டி இருபது வருடம் போட்டார், ஒன்றும் ஆகவில்லை" என்று எழுத வருவோர் எழுதட்டும். அந்தப் பாட்டிக்கு இரத்தப் பரிசோதனை செய்து பார்த்தார்களா என்று மட்டும் கேட்பேன். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றதால்தான், இந்தியாவில் 2006ஆம் ஆண்டு அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். அசெக்ளோஃபெனாக் அதற்கு நெருங்கிய உறவு. மனிதர் கழுகு அல்லர், மாத்திரை விஷமும் அன்று என்பது எனக்கும் தெரியும். முதியவர்கள் வலியைப் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. எழுதித் தந்த நாள்களுக்குள் நிறுத்தியிருந்தால் அதே மாத்திரையை நானும் வாழ்த்தியிருப்பேன்.

வலி மாத்திரையை அறவே நிறுத்தி, நரம்பு வழியே நீர் ஏற்றியதில் ஆறு வாரத்தில் கிரியாட்டினின் 1.3க்கு இறங்கியது, 0.9க்குத் திரும்பவில்லை. இப்போது முழங்காலுக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்கும் பயிற்சி, வெந்நீர் ஒத்தடம், வலி மிகுந்த நாளில் மருத்துவர் அளவு சொன்ன பாராசிட்டமால். மழைக்காலத்தில் "அந்த வெள்ளை மாத்திரை ஒன்றே ஒன்று கொடேன்" என்று அம்மா கேட்கத்தான் செய்கிறார்.

உங்கள் தாயாருக்குச் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருக்கிறதா, கடைசியாகக் கிரியாட்டினின் எப்போது பார்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும், வெட்டிய துண்டுகள் உட்பட, ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். இதைப் படித்துவிட்டுப் பயத்தில் பிரஷர் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.