மெல்லிய கேஸ்கெட்: ஜோஹன்னஸ்பர்க் கணக்கு டர்பனுக்கு ஆகாது

வணக்கம் தம்பி. ஜோஹன்னஸ்பர்க்கில் மச்சானின் 1.6 சிட்டி கோல்ஃப் கார் மெல்லிய ஹெட் கேஸ்கெட்டோடு (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் வரும் அடைப்புத் தகடு) 93 ஆக்டேன் பெட்ரோலில் நன்றாக ஓடுகிறது, டர்பனில் அதையே போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அப்படியே போடாதீர்கள். அவர் ஊர் 1,700 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி குறைவு, சிலிண்டரில் அழுத்தமும் குறைவாகவே ஏறும். உங்கள் டர்பன் கடற்கரையில் அதே அழுத்த விகிதத்துக்கு (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பது) நாக்கிங், அதாவது கலவை தானாகவே வெடித்து எஞ்சின் தட்டுவது, எளிதில் வரும்.

81 மி.மீ. போரில் (சிலிண்டரின் விட்டம்) கேஸ்கெட் 0.5 மி.மீ. மெலிந்தால் சுமார் 2.6 சிசி இடம் போகும். நெருக்க இடம் குறைவதால் 10:1 விகிதம் கிட்டத்தட்ட 10.6 ஆகிவிடும். தினமும் ஓட்டும் வண்டிக்கு 95 ஊற்றி, விகிதத்தை 10-ஐ ஒட்டி நிறுத்துவதே என் விருப்பம். ஹெட்டை ஏற்கெனவே சீவியிருக்கிறார்களா? அப்படியானால் கணக்கே மாறும், ஹெட்டில் கலவை எரியும் குழியான சேம்பரை அளந்த பிறகே கேஸ்கெட் வாங்குங்கள். அப்புறம், விகிதத்தைக் குறைக்கத் தடித்த கேஸ்கெட் வேண்டாம். ஸ்குவிஷ் இடைவெளி (பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள குறுகிய இடம்) அகன்று, நாக்கிங் குறையாமலே போகலாம்.