முல்லைத்தீவுக்கு வருவதென்றால் வைகாசியில் வாருங்கள்

முல்லைத்தீவில் பார்க்க என்ன இருக்கிறது, வவுனியாவிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். திரும்பிவிடலாம். புளியங்குளம், நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் வழியாக வீதி இருக்கிறது. யாழ்ப்பாணப் பக்கமிருந்து வருபவர்களுக்குப் பரந்தனில் பிரியும் ஏ-35. ரயிலில் வந்தால் மாங்குளத்தில் இறங்கி ஏ-34 வீதியால் சுமார் 50 கிலோமீற்றர். ஆனால் அப்படி ஒரே நாளில் வந்து போகிறவர்கள் கடற்கரையில் நாலு படம் எடுத்து, முள்ளிவாய்க்காலில் வாகனத்தை நிறுத்திப் பார்த்து, இருட்ட முன் கிளம்பிவிடுகிறார்கள். ஊர் அவர்கள் கண்ணில் படுவதேயில்லை. இங்கே பிறந்து வளர்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டு இரவாவது தங்குங்கள், அதுவும் வைகாசியில்.

முதலில் ஊரின் அமைப்பைச் சொல்ல வேண்டும். கிழக்கே வங்கக் கடல், மேற்கே நந்திக்கடல் என்கிற களப்பு (காயல்), இரண்டுக்கும் நடுவில் மணல். கடலும் களப்பும் வட்டுவாகலில் சந்திக்கின்றன. மழை குறைந்த காலத்தில் அந்தத் தொடுவாயை மணல் மூடிவிடும். மாரியில் வெள்ளம் ஏறியதும் உடைத்துக்கொண்டு கடலுக்குப் பாயும், அல்லது வெட்டிவிடுவார்கள். கடல்நீர் உள்ளே வந்தால்தான் இறால் குஞ்சும் வரும். அதனால் தொடுவாய் எப்போது திறக்கிறது என்பது இங்கே பல வீடுகளின் அடுப்போடு சம்பந்தப்பட்ட விஷயம். வட்டுவாகலின் பழைய பாலம் தாழ்வானது, ஒடுக்கமானது. அதில் நின்றால் வீச்சுவலை எறிபவர்களைப் பக்கத்திலேயே பார்க்கலாம். புதிய பாலத்துக்கான வேலை 2025இல் தொடங்கியிருக்கிறது.

வைகாசியில் பெருங்கடல் அடங்கிக் கிடக்கும். மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாக வீசினாலும் அலை பெரிதாக எழாது. விடிய முன் கரைக்குப் போனால் கரைவலை இழுப்பதைக் காணலாம். வலையின் ஒரு தலைப்பு கரையில் இருக்க, தோணி மீதியை அரைவட்டமாகக் கடலில் வளைத்துவிட்டு வரும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். வலையின் பை போன்ற மடி கரை சேரும்போது நெத்தலி, சூடை, கீரி என்று துள்ளும். மீனவர் தங்கும் வாடியடியில் நின்று கேட்டால் அங்கேயே வாங்கலாம். குளிக்க ஆசைப்படுவீர்கள். இந்தக் கரை சட்டென்று ஆழமாகும், நீரோட்டமும் உண்டு. மீனவர்கள் "இறங்கலாம்" என்று காட்டும் இடத்தில் மட்டும் இறங்குங்கள்.

வைகாசியைச் சொன்னதற்கு முதற் காரணம் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல். விசாகத்தையொட்டி வரும் திங்கட்கிழமை அது நடக்கும். ஆனால் ஒரு கிழமைக்கு முன்பே சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் எல்லாம் தொடங்கிவிடுகிறது. அங்கே கடல்நீர் மொண்டு, பறைமேளத்தோடு முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்கு நடந்தே கொண்டுபோவார்கள். அந்த உப்புநீரை ஊற்றித்தான் ஏழு நாளும் அம்மனுக்கு விளக்கெரிகிறது என்பது நம்பிக்கை. முள்ளியவளையில் ஞாயிற்றுக்கிழமை பொங்கி, மறுநாள் நந்திக்கடலோரத்து வற்றாப்பளையில் பொங்கல். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கும் யாத்திரிகர்களும் அந்த இரவில் அங்கே இருப்பார்கள். மதுரையை எரித்த கண்ணகி கோபம் தணிந்து வந்து தங்கிய இடம் என்பது எங்கள் நம்பிக்கை. சிறுவயதில் அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த நாளிலிருந்து எனக்கும் அதே நம்பிக்கைதான். கோவலன் கதையை எங்கள் பக்கம் கூத்தாக ஆடுவார்கள், முல்லைமோடி என்று அதற்குத் தனி ஆட்டமுறையே உண்டு. ஆடும் செய்தி காதில் விழுந்தால் விடாதீர்கள். பொங்கலுக்குத் தங்க இடம் கிடைப்பது கடினம், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

2009 போரின் இறுதியில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18ம் வைகாசி தொடங்கும் நாட்களில்தான் வருகிறது. முள்ளிவாய்க்காலுக்கு அன்று போவீர்களானால் அங்கே தரும் கஞ்சியை வாங்கிக் குடியுங்கள். அழுகிறவர்களின் முகத்துக்கு நேரே கைபேசியை நீட்ட வேண்டாம். உப்பும் அரிசியும் மட்டும் போட்ட கஞ்சி அது. 2009இல் பதுங்குகுழிகளுக்குள் கிடந்தவர்களின் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. நகரில் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் போனவர்களுக்கான நினைவாலயம் புனித இராயப்பர் தேவாலயத்தோடு இருக்கிறது. சில குடும்பங்கள் இரண்டு இடத்திலும் விளக்கேற்றுகின்றன.

வரலாறு தேடுவீர்களானால், 1803இல் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் இங்கிருந்த கோட்டையைத் தாக்கி ஆங்கிலேயரைத் துரத்தினான். அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் அவன் தோற்ற கற்சிலைமடு, ஒட்டுசுட்டானுக்குப் பக்கம். அந்த வழியால் போனால் தான்தோன்றீசுவரர் கோயிலையும் கும்பிட்டு வரலாம். முத்தையன்கட்டுக் குளமும் தூரமில்லை.

சாப்பாட்டுக்கு நந்திக்கடல் இறாலையும் நண்டையும் கேளுங்கள். பெரிய உணவகத்தைத் தேடி அலைய வேண்டாம். தங்குகிற வீட்டில் முதல்நாளே சொன்னால் புட்டும் இறால் குழம்பும் சமைத்துத் தருவார்கள், காசும் அதிகம் கேட்கமாட்டார்கள். காட்டு வீதிகளின் ஓரத்தில் பாலைப்பழம் விற்கத் தொடங்கும் காலமும் அதுதான். பால் பிசுபிசுவென்று உதட்டில் ஒட்டும், ஆனாலும் ஒன்றோடு நிறுத்த முடியாது.

வைகாசியில் வர வழியில்லையென்றால் தை, மாசியில் வாருங்கள். கடலில் இறங்க முடியாது, ஆனால் களப்புகளில் வலசைப் பறவைகள் இருக்கும். தெற்கே அலம்பில், செம்மலை, நாயாறு தாண்டிக் கொக்கிளாய் வரை போங்கள். அந்தக் களப்பு 1951 முதல் பறவைகள் சரணாலயம். ஐப்பசி, கார்த்திகையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அடைமழையில் வீதிகளுக்கு மேலாக வெள்ளம் பாய்கிற மாதங்கள் அவை.