பெரட்டுக் களமும் விசுவாசப் பிரமாணமும்

கேள்வி: எங்கள் ரப்பர் தோட்டத்து ஆலயத்தில் ஞாயிறுதோறும் எல்லோரும் எழுந்து நின்று, சபை எதை நம்புகிறது என்று சுருக்கிச் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தைக் கிளிப்பிள்ளை போல ஒப்பிக்கிறார்கள். பட்டணத்தில் கடைவீட்டு மாடியில் நடக்கும் ஜெபக்கூட்டத்துப் போதகரோ, "வேதம் போதும், பிரமாணம் மனிதர் எழுதியது" என்கிறார். வேதத்தில் இல்லாததை ஏன் சொல்ல வேண்டும்?
– வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: வேதத்தில் இல்லை என்று யார் சொன்னது? முதலாம் கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கிறிஸ்து மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார் என்று அடுக்கும் பவுல், அது தம் சொந்தச் சரக்கு என்று சொல்லவில்லை. தாம் பெற்றதையே ஒப்புவித்ததாகச் சொல்கிறார். புதிய ஏற்பாடு எழுதி முடியும் முன்பே சபையின் வாயில் பிரமாணம் இருந்தது.

மனிதர் எழுதியது என்பது சரிதான். ஏன் எழுத நேர்ந்தது? அலெக்சாந்திரியாவின் மூப்பர் ஆரியுஸ், குமாரனும் படைக்கப்பட்டவரே என்று போதித்தார். வேதத்தைத் தூக்கி எறிந்துவிட்டா போதித்தார்? பிதா தம்மிலும் பெரியவர் என்று இயேசு சொல்லும் யோவான் 14:28 அவர் தரப்புக்கு இருந்தது, கர்த்தர் என்னை ஆதியில் உண்டாக்கினார் என்று ஞானம் பேசுவதாக அவர்கள் வாசித்த நீதிமொழிகள் 8:22 இருந்தது. எதிர்த்தவர்கள் கையிலும் அதே வேதம். எந்த வசனத்தைக் காட்டினாலும் ஆரியுஸின் ஆட்கள் தங்களுக்கும் சம்மதமே என்று தலையாட்டியதாக, அவர்களை எதிர்த்து நின்ற அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் எழுதிவைத்திருக்கிறார். அதனால்தான் 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள், குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று சொல்ல, வேதத்தில் எங்குமே வராத ஒரு கிரேக்கச் சொல்லைத் தேடிப் பிடித்துத் தங்கள் பிரமாணத்தில் எழுதினார்கள். வேதத்தைக் காக்க வேதத்துக்கு வெளியே போக வேண்டியிருந்தது. மாடிப் போதகருக்கு இது கசக்கும்.

நீங்கள் ஞாயிறுதோறும் சொல்வது அதைவிடச் சிறியது, அப்போஸ்தலர் பிரமாணம். பன்னிருவரும் ஆளுக்கொரு வரி சொன்னதாக ஒரு கதை உண்டு, வெறும் கதை. அதன் வேர் பழைய ரோமாபுரிச் சபையின் ஞானஸ்நானத் தண்ணீரில் இருக்கிறது. பிதாவை விசுவாசிக்கிறாயா என்று கேட்பார்கள். "விசுவாசிக்கிறேன்" என்றால் ஒரு முழுக்கு. குமாரனுக்கு ஒன்று, பரிசுத்த ஆவிக்கு ஒன்று. தோட்டத்தில் பிறந்தவருக்கு இதை விளக்கவும் வேண்டுமா? விடியுமுன், வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில், தோட்டத்துக் கணக்கரான கிராணி பேர் கூப்பிடுவார். அவரவர் வாய் திறந்தால்தான் அன்றைக்கு ஆள் கணக்கு. பக்கத்து வீட்டுக்காரர் நமக்காகப் பதில் சொல்ல முடியாது.

என் பாட்டி பால்மரம் வெட்டியவர், எழுத்துக்கூட்டத் தெரியாதவர். முன்பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு சொல் பிசகாமல் பிரமாணம் சொல்லுவார். "பொந்தியு பிலாத்துவின் காலத்தில்" என்ற இடம் எனக்குச் சிறுவயதில் உறுத்தியது. "ஆண்டவரைக் கொன்ற பாவியின் பேரைக் கோயிலில் ஏன் பாட்டி சொல்கிறோம்?" என்று கேட்டேன். "எப்போது நடந்தது என்று தெரிய வேண்டாமா? நாம் ஜப்பான்காரன் காலத்தில் என்று சொல்வதில்லையா?" என்றார். ரோம ஆளுநர் பிலாத்து யூதேயாவை ஆண்டது கி.பி. 26 முதல் 36 வரை. பாட்டிக்கு அந்த எண்கள் தெரியாது. அந்த வரி அங்கே எதற்கு நிற்கிறது என்பது தெரிந்திருந்தது.

கிளிப்பிள்ளை என்று குத்தினீர்களே, அதை ஏற்கிறேன். இந்தப் பிரமாணம் கன்னிமரியாளிடம் பிறந்ததைச் சொன்ன கையோடு பிலாத்துவிடம் தாவிவிடுகிறது. நடுவில் மலைப்பிரசங்கம் இல்லை, குஷ்டரோகியைத் தொட்ட கை இல்லை. அதைத் தவறாமல் ஒப்பித்துக்கொண்டே, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அடுத்த வீட்டாரோடு வேலித் தகராறில் பத்து வருடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நானும் பார்த்திருக்கிறேன். பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று யாக்கோபு எழுதியது இப்படிப்பட்டவர்களுக்குத்தான். ஆனால் ஒப்பிக்கிறவர் தூங்குகிறார் என்பதற்காக ஒப்பிக்கப்படுவதைக் கிழித்துப் போடுவார்களா?

அடுத்த வாரம் மாடிக்குப் போனால் போதகரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இயேசு படைக்கப்பட்டவரா, படைத்தவரா?" வசனத்தை மட்டும் வாசித்துக் காட்டாமல், தம் சொந்தச் சொல்லில் பதில் சொல்லட்டும். அதை அப்படியே எழுதி அனுப்புங்கள். எத்தனை வரி வருகிறது என்று எண்ணிப் பார்த்து இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.