பாய்மரப் படகிலேயே குடியிருப்பவர்கள் இரவில் எங்கே நங்கூரம் போடுவார்கள்?

காற்றையும் அலையையும் கரையோ குன்றோ மறைக்கும் இடத்தில். அடியில் மணலோ களிமண்ணோ இருந்தால் நல்லது. பாறையில் பிடிப்பு நிச்சயமில்லை.

அப்புறம் சங்கிலி. ஆழம் 5 மீட்டர் என்றால் 25, 30 மீட்டராவது விட வேண்டும். ஏன் இவ்வளவு? எங்கள் ஏற்காட்டுச் சரிவில் மாடு கட்டுபவரைக் கேளுங்கள். கயிறு குட்டையாக இருந்தால், மாடு தலையைத் தூக்கும்போதே முளை பிடுங்கிக்கொண்டு வரும். நீளமாக விட்டால் இழுப்பு தரையோடு போகும், முளை அசையாது. காற்று திரும்பினால் படகும் மாடு மாதிரியே சுற்றிவரும்; அந்த வட்டத்துக்குள் பாறையோ பக்கத்துப் படகோ வரக்கூடாது. (ஏரியில் மிதிபடகு விடுகிற நமக்கு இந்தத் தொல்லை இல்லை.)

நங்கூரத்தின் எடைதான் படகை நிறுத்துகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் பிடித்து வைப்பது, ஏர்க்கொழு போல மண்ணில் இறங்கும் அதன் நுனிதான்.