போர்டில் டீம், பொறுப்பில் புரோக்கர்: வீடு வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரியல் எஸ்டேட் 'டீம்' பற்றியவை, அதாவது ஒரு புரோக்கரின் கீழ் சேர்ந்து ஒரே பெயரில் வேலை செய்யும் ஏஜென்ட்கள். டீம் தொடங்குகிறவர்களும் எழுதியிருக்கிறார்கள், டீமிடம் மாட்டியவர்களும் எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் டீமுக்கு என்று தனி லைசென்ஸ் பொதுவாகக் கிடையாது. லைசென்ஸ் ஏஜென்ட்டுக்கும், அவருக்கு மேலே இருந்து பொறுப்பேற்கும் புரோக்கருக்கும்தான். புரோக்கரின் நிறுவனம்தான் புரோக்கரேஜ். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். அதனால் பக்கத்து மாநிலத்து மச்சான் சொன்னதைக் கேட்டுப் பெயர் வைக்காதீர்கள்.

நானும் நண்பரும் ஒரே புரோக்கரின் கீழ் ஏஜென்ட்கள். எங்கள் இருவர் பெயரோடு 'அசோசியேட்ஸ்' சேர்த்து டீம் தொடங்கலாமா?
ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்

முடியாது. டெக்சாஸ் ரியல் எஸ்டேட் கமிஷன் விதிப்படி டீம் பெயர் 'டீம்' அல்லது 'குரூப்' என்ற சொல்லில் முடிய வேண்டும். நடுவில் வந்தால் போதாது, கடைசிச் சொல்லாகவே இருக்க வேண்டும். புரோக்கரேஜ், கம்பெனி, அசோசியேட்ஸ் என்று போட்டால் புரோக்கரைச் சாராமல் நீங்களே தனிக்கடை நடத்துவதுபோல் தோன்றும் என்பதால் அப்படிப்பட்ட சொற்களை விதி விலக்குகிறது.

முதலில் புரோக்கரிடம் பேசுங்கள். கமிஷனில் பெயரைப் பதிய வேண்டியவர் அவர்தான், நீங்கள் அல்ல. பயன்படுத்தத் தொடங்கி 30 நாட்களுக்குள் பதிவாகிவிட வேண்டும். கெடு 30 நாள் என்றாலும், பதிவான பிறகு விசிட்டிங் கார்டு அடிப்பதே புத்திசாலித்தனம். டீமில் இருப்பவர்கள் எல்லோரும் அதே புரோக்கரின் ஸ்பான்சரில், அதாவது அவர் பொறுப்பின் கீழ், இருக்க வேண்டும். வேறு புரோக்கரிடம் இருக்கும் மூன்றாவது நண்பரை 'கெஸ்ட்' மாதிரி சேர்த்துக்கொள்ள இதில் இடமில்லை.

கலிபோர்னியா லைசென்ஸில் என் கடைசிப் பெயராக அப்பா பெயர் இருக்கிறது. ஆனால் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது என் பெயர்தான். என் பெயரோடு 'டீம்' சேர்த்தால் போதுமா?
ஃப்ரீமான்ட்

போதாது. நம் ஆட்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. கலிபோர்னியாவில் டீம் பெயர் தனிப் பதிவில்லாமல் செல்ல வேண்டும் என்றால், லைசென்ஸ் உள்ள உறுப்பினர் ஒருவரின் சர்நேம் அதில் இருக்க வேண்டும். அதோடு 'அசோசியேட்ஸ்', 'குரூப்', 'டீம்' மூன்றில் ஒன்று வர வேண்டும். (டெக்சாஸ் விலக்கும் 'அசோசியேட்ஸ்' இங்கே செல்லும்!) லைசென்ஸ் உள்ளவர்கள் குறைந்தது 2 பேர் வேண்டும். நீங்களும் லைசென்ஸ் இல்லாத ஒரு உதவியாளரும் சேர்ந்தால் சட்டத்தின் கண்ணில் அது டீம் இல்லை.

உங்களுக்கு இரண்டு வழி. உங்கள் பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்துப் போட்டு 'டீம்' என்று முடிப்பது சுலபம், காசும் மிச்சம். அப்பா பெயர் வேண்டவே வேண்டாம் என்றால் அது கற்பனை வணிகப் பெயர் கணக்கில் வந்துவிடும், அதாவது டிபிஏ ('டூயிங் பிசினஸ் ஆஸ்'). புரோக்கரின் சம்மதம் வாங்கி, கவுண்டி கிளார்க்கிடம் தாக்கல் செய்து, செய்தித்தாளில் வாரம் ஒரு முறை 4 வாரம் விளம்பரம் போட்டு, மாநில ரியல் எஸ்டேட் துறையிடமும் விண்ணப்பிக்க வேண்டும். கவுண்டியில் செய்த தாக்கல் 5 ஆண்டுகளில் காலாவதியாகும். கவுண்டியோடு நிறுத்திவிட்டு, துறைக்கு விண்ணப்பிக்க மறந்துபோவதுதான் வழக்கமான கோளாறு.

'ஃபவுண்டர் அண்ட் சிஇஓ' என்று டீம் ஏஜென்ட்டின் கார்டில் இருக்கிறது. பெரிய ஆள் என்று நம்பலாமா?
ஷுகர் லேண்ட், டெக்சாஸ்

லைசென்ஸைத் தேடிப் பாருங்கள். அவர் புரோக்கர் அல்ல, 'சேல்ஸ் ஏஜென்ட்' என்றால் டெக்சாஸ் விதிப்படி விளம்பரத்தில் அந்தப் பட்டமே போடக்கூடாது.

வீட்டு முன் இருந்த போர்டில் டீம் பெயர்தான் தெரிந்தது. வீட்டைப் பற்றி அவர்கள் சொன்னதில் பாதி பொய். யார் மேல் புகார் கொடுப்பது என்றே தெரியவில்லை.
கேட்டி, டெக்சாஸ்

உங்கள் மேல் தவறில்லை. இந்தப் போர்டு விவகாரத்தில் எனக்கு வெகுநாள் கோபம் உண்டு, கொஞ்சம் கொட்டிவிடுகிறேன்.

டீம் பெயர் தங்க நிறத்தில், கை அகலத்துக்கு. அதன் கீழே இருவர் கைகட்டிச் சிரிக்கும் படம். போன் நம்பர் தெரு முனையிலிருந்தே தெரியும். புரோக்கர் பெயரோ அடி ஓரத்தில், வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்தில், புல் வளர்ந்தால் மறைந்துபோகும் உயரத்தில். தற்செயலாக இப்படி அமைவதில்லை, வேண்டுமென்றே செய்கிறார்கள். பொறுப்பாளி யார் என்று வாங்குபவருக்குத் தெரியக் கூடாது என்பதுதான் நோக்கம்.

சட்டம் இதை அளந்தே வைத்திருக்கிறது. டெக்சாஸில், விளம்பரத்தில் உள்ள தொடர்பு விவரங்களில் எது மிகப் பெரிதோ அதில் குறைந்தது பாதி அளவாவது புரோக்கர் பெயர் இருக்க வேண்டும். தொடர்பு விவரம் என்றால் ஏஜென்ட் பெயர், டீம் பெயர், போன் நம்பர் எல்லாமே சேர்த்தி. போன் நம்பர் 4 அங்குலம் என்றால் புரோக்கர் பெயர் 2 அங்குலம். கலிபோர்னியா இன்னும் கறார்: புரோக்கரின் அடையாளம் டீம் பெயருக்கு இணையாகக் கண்ணில் பட வேண்டும், உறுப்பினர் ஒருவரின் லைசென்ஸ் நம்பராவது இருக்க வேண்டும். ஃபுளோரிடாவில் டீம் பெயர் புரோக்கரேஜ் பெயரைவிடப் பெரிதாகவே இருக்கக் கூடாது. சமூக ஊடகத்துக்கும் விலக்கில்லை. டெக்சாஸில் ஒவ்வொரு பதிவிலும் புரோக்கர் பெயரைப் போடாவிட்டால், நேரடியாகச் சென்று சேரும் புரொஃபைல் பக்கத்திலாவது அது இருக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது: போர்டை அளவுகோலோடு படம் எடுங்கள். டெக்சாஸ் ரியல் எஸ்டேட் கமிஷனின் இணையதளத்தில் அந்த ஏஜென்ட் பெயரைத் தேடினால் ஸ்பான்சர் செய்யும் புரோக்கர் யார் என்று வரும். 'இன்ஃபர்மேஷன் அபவுட் புரோக்கரேஜ் சர்வீசஸ்' என்ற படிவத்தை உங்களுக்குத் தந்திருக்க வேண்டும், அதிலும் புரோக்கர் பெயரும் லைசென்ஸ் நம்பரும் இருக்கும். ஏஜென்ட் மேலும் புரோக்கர் மேலும் சேர்த்தே புகார் கொடுங்கள்.

ஃபுளோரிடாவில் 'ரியல்டி குரூப் எல்எல்சி' என்று முடியும் நிறுவனப் பெயரை மாநிலத்தில் பதிந்து, போர்டும் அடித்தாகிவிட்டது. இப்போது புரோக்கர் முடியாது என்கிறார்.
டாம்பா

புரோக்கர் சொல்வது சரி. ஒரே பெயரில் இரண்டு தடைச் சொற்களைப் போட்டிருக்கிறீர்கள். 2019 ஜூலை 1 முதல் அமலில் உள்ள விதி டீம் பெயரில் ஏஜென்சி, அசோசியேட்ஸ், புரோக்கரேஜ், புரோக்கர்ஸ், கம்பெனி, கார்ப்பரேஷன், இன்க், எல்எல்சி, பார்ட்னர்ஷிப், பிராப்பர்ட்டி, ரியல் எஸ்டேட், ரியல்டி எதையும் அனுமதிப்பதில்லை. 'குரூப்' மட்டும் தப்பியது. எல்எல்சி பதிவு செய்யும் அலுவலகம் அதே பெயரில் வேறொருவர் இருக்கிறாரா என்றுதான் பார்க்கும். ரியல் எஸ்டேட் விதி பார்ப்பது அதன் வேலை இல்லை. விதியை வாசிக்கப் பத்து நிமிடம். போர்டு அடிக்கும் முன் அந்தப் பத்து நிமிடம் கிடைக்கவில்லையா?

மனைவிக்கு நியூயார்க் லைசென்ஸ். எனக்கு இல்லை, வெப்சைட், கணக்கு எல்லாம் நான். எங்கள் இருவர் பெயரிலும் 'குரூப்' தொடங்கலாமா?
லாங் ஐலண்ட்

உங்கள் பெயர் வரக்கூடாது, லைசென்ஸ் இல்லாதவர் பெயரை டீம் பெயரில் நியூயார்க் தடை செய்கிறது. 'குரூப்'பும் வரக்கூடாது, அங்கே 'டீம்' மட்டும்தான். புரோக்கரேஜின் முழு லைசென்ஸ் பெயர் டீம் பெயரிலேயே இருக்க வேண்டும், அல்லது உடனே அடுத்து வர வேண்டும்.

எங்கள் மக்களுக்குத்தான் வீடு விற்கிறோம் என்று புரியும்படி மதப் பெயர் வைக்க நினைக்கிறோம்.
சிகாகோ புறநகர்

வேண்டாம். 1968-இன் ஃபேர் ஹவுசிங் சட்டம் இனம், நிறம், மதம், பூர்வீக நாடு முதலியவற்றில் விருப்புக் காட்டும் வீட்டு விளம்பரத்தைத் தடை செய்கிறது. பெயர் ஒவ்வொரு விளம்பரத்திலும் ஏறும், ஆகவே வம்பும் ஒவ்வொன்றிலும் ஏறும். 'தமிழ் பேசுவோம்' என்று சேவைப் பட்டியலில் எழுதுங்கள், உங்களைத் தேடுகிறவர்களுக்கு அது போதும்.

பெயரில் 'நம்பர் ஒன்', 'ரியல்டர்' இரண்டும் வந்தால் எடுபடுமா?
ஆஸ்டின்

'ரியல்டர்' என்பது தேசிய ரியல்டர்கள் சங்கத்தின் பதிவுபெற்ற முத்திரை. சங்க உறுப்பினர்தான் பயன்படுத்தலாம், அதுவும் வர்ணனைச் சொற்களோடு சேர்க்காமல். 'நம்பர் ஒன்' என்றால் எதில், எந்த ஆண்டு, எந்த ஊரில் என்று கேட்பார்கள். 'நம்பர் ஒன்' ஸ்டிக்கர் ஒட்டிய மிக்சி ஒன்று என் கராஜில் கிடக்கிறது, தேங்காய் போட்டால் புகை வருகிறது.

வீட்டை 'பிடித்து வைக்க' 5,000 டாலரை டீம் பெயரில் இருந்த கணக்குக்கு 'ஜெல்' (Zelle) பணப் பரிமாற்றச் சேவையில் அனுப்பச் சொன்னார்கள். செய்தோம். இப்போது போன் எடுப்பதில்லை.
இர்விங், டெக்சாஸ்

மனசு கனக்கிறது. உங்களை அவசரப்படுத்தி ஏமாற்றியிருக்கிறார்கள். இன்றே வங்கியில் மோசடி என்று புகார் பதிந்து, புகார் எண் வாங்குங்கள். அடுத்து ஸ்பான்சர் புரோக்கருக்கு எழுத்தில் அனுப்புங்கள்: தேதி, தொகை, கணக்கின் பெயர், மெசேஜ்களின் ஸ்கிரீன்ஷாட். ஏஜென்ட்டின் செயலுக்கு புரோக்கர் பொறுப்பு என்பதால் பல நேரம் இந்தக் கடிதத்துக்கே அசைவு இருக்கும். கூடவே ரியல் எஸ்டேட் கமிஷனிலும் போலீசிலும் புகார். லைசென்ஸ் உள்ளவர்தான் ஏமாற்றினார் என்றால், கோர்ட் தீர்ப்பு வாங்கிய பின்னும் பணம் வராதபோது கமிஷனின் இழப்பீட்டு நிதியை நாட வழி இருக்கிறது.

மற்றவர்களுக்கு: டெக்சாஸின் வழக்கமான ஒப்பந்தத்தில் எர்னஸ்ட் மணி எனும் முன்பணம், ஒப்பந்தத்தில் பெயர் குறித்த எஸ்க்ரோ ஏஜென்ட்டிடம் (பணத்தை நடுவில் வைத்திருப்பவர்) போக வேண்டும். அது பெரும்பாலும் வீட்டின் உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி. ஏஜென்ட்டின் கமிஷன் பணமும் புரோக்கர் வழியாகத்தான். டீம் பெயரில் செக் எழுதச் சொன்னால் பேனாவை மூடிவிடுங்கள்.

பெயரை டிரேட்மார்க் செய்ய வேண்டுமா?
சான் ஹோசே

பெயர் வைக்கும் முன் வேறு யாரும் பதிந்திருக்கிறார்களா என்று தேடுவது அவசியம், பதிவது உங்கள் விருப்பம். ரியல் எஸ்டேட் சேவை 36-ஆம் வகுப்பில் வரும், வகுப்புக்கு அடிப்படைக் கட்டணம் 350 டாலர். வெறும் சர்நேம் என்றால் எளிதில் பதிவாகாது.

எங்கள் வீட்டை விற்க ஒப்பந்தம் போட்ட டீம் வேறு புரோக்கரேஜுக்கு மாறிவிட்டது. 'நீங்களும் எங்களோடு வந்துவிடலாம்' என்கிறார்கள். போகலாமா?
ராலி, வட கரோலினா

ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பழைய புரோக்கரேஜ் பெயர்தான் இருக்கும். லிஸ்டிங், அதாவது வீட்டை விற்கும் பொறுப்பு, அவர்களுடையது. அவர்கள் எழுத்தில் விடுவித்தால் போகலாம். இல்லாவிட்டால் வேறு ஏஜென்ட்டைத் தருவார்கள். விடுவிப்புக் கடிதம் கைக்கு வரும் முன் புதிய இடத்தில் கையெழுத்துப் போட்டால் இரண்டு பக்கமும் கமிஷன் கேட்கக்கூடும்.